இரணைமடு: குளக்கட்டுக்கு எதிர்ப்பக்கம்

மார்கழியில் வன்னியில் இரண்டு நாள் விடாமல் மழை கொட்டினால் போதும், யாழ்ப்பாணத்தில் யாராவது ஒருவருடைய தொலைபேசிக்கு ஒரு காணொளி வந்து சேரும். இரும்புக் கதவுகளின் அடியால் பழுப்புத் தண்ணீர் பீறிட்டுக்கொண்டு பாயும். கிளிநொச்சியின் இரணைமடுக்குளம் வான் பாய்கிறது, அதாவது நிரம்பி மேலதிகத் தண்ணீரை வெளியே விடுகிறது என்ற செய்தி பத்திரிகையில் வருமுன்பே ஒழுங்கை ஒழுங்கையாகப் பரவிவிடும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையிலேயே பிள்ளைகள், புளிச்சாதப் பொதி, பாய், தண்ணீர்ப் போத்தல் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு ஏ9 வீதியில் தெற்கு நோக்கிப் புறப்பட்டுவிடுவோம். வான் பார்க்க வான் பிடித்துப் போகிறோம் என்று என் அண்ணர் ஒவ்வொரு வருடமும் சொல்லுவார். ஒவ்வொரு வருடமும் அவரே முதலில் சிரிப்பார்.

இந்த அவசரத்துக்குக் காரணம் இருக்கிறது. குடாநாட்டில் ஆறு என்று பெயர் வைத்துக்கொண்டிருப்பவை சில உண்டு. வழுக்கையாறு, தொண்டைமானாறு, உப்பாறு. இவற்றில் வழுக்கையாறு மழைக்கால வடிகால். தெல்லிப்பழை, அளவெட்டிப் பக்கத்து வெள்ளத்தை வாங்கி, கந்தரோடை, சண்டிலிப்பாய் வழியே கொண்டுபோய் அராலியில் கடலேரியில் விடும். மாசி பிறந்தால் அதன் நடுவிலே மாடு மேயும். மற்ற இரண்டும் கடலேரிகள். பெயர் மட்டும் ஆறு. நமது தரை சுண்ணாம்புக்கல். பெய்யும் மழை வெடிப்புகளுக்குள்ளே இறங்கிக் கிணறுகளில் நிற்கும், இல்லாவிட்டால் கடலுக்குப் போகும். ஓடுகிற தண்ணீரை உட்கார்ந்து பார்ப்பதற்கு யாழ்ப்பாணத்தவருக்கு அறுபது எழுபது கிலோமீற்றர் போகத்தான் வேண்டும்.

அங்கே ஓடுவது கனகராயன் ஆறு. வவுனியா மாவட்டத்தின் வடபகுதிக் காடுகளில் தொடங்கி, முல்லைத்தீவு மாவட்டத்தை ஊடறுத்து, கிளிநொச்சிக்குள் நுழைந்து, கடைசியில் சுண்டிக்குளம் கடலேரியில் விழுகிறது. விழுமுன்பு அதை மறித்துக் கட்டியதுதான் இரணைமடுக்குளம். பெயரிலேயே பழைய நிலவமைப்பு இருக்கிறது: இரணை என்றால் சோடி, மடு என்றால் ஆழமான நீர்நிலை. குளமாவதற்கு முன்பு அங்கே இருந்த இரண்டு மடுக்களும் தண்ணீருக்கு அடியில் போய்விட்டன. 1902இல் தொடங்கிய கட்டுமானம் 1920களின் தொடக்கத்தில் முடிந்தது. பிறகு பல தடவை கட்டை உயர்த்தினார்கள். கடைசியாக நடந்த பெரிய திருத்தத்தில் நீர்மட்டம் 34 அடியிலிருந்து 36 அடியானது. 2018 டிசம்பரில் திருத்திய குளத்தைத் திறந்துவைத்த அதே மாதத்தில் வானமும் திறந்துகொண்டது. கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மூழ்கின. கதவுகளை எப்போது திறந்திருக்க வேண்டும் என்ற வாக்குவாதம் தேநீர்க் கடைகளில் அதற்குப் பிறகும் நெடுநாள் ஓடியது.

இன்றைக்கு அது வட மாகாணத்தின் மிகப் பெரிய குளம். ஏறத்தாழ 21,000 ஏக்கர் வயலுக்குத் தண்ணீர் கொடுக்கிறது. 13 கோடி கன மீற்றருக்கு மேல் பிடிக்கும். கிளிநொச்சி விவசாயி இந்தக் கணக்கையெல்லாம் ஒரே அளவில் சுருக்கிவிடுவார்: எத்தனை அடி நிற்கிறது? சிறுபோகத்துக்கு, அதாவது கோடைகால நெற்செய்கைக்கு, எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்ற கூட்டம் முழுக்க அந்த அடிக்கணக்கைச் சுற்றித்தான் நடக்கும். நாமும் அதே பழக்கத்தில் குளத்தைப் பார்க்கிறோம். நிரம்பினால் அழகு, வற்றினால் ஏமாற்றம். பொழுதுபோக்கப் போகிறவர்களுக்கு, குறிப்பாகப் பறவையையும் விலங்கையும் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு, இந்தப் பழக்கம் பெரிய இடைஞ்சல்.

முதலில் வான் பாயும் நாளையே எடுத்துக்கொள்வோம். அந்த நாளை நான் பழிக்கமாட்டேன், அது திருவிழாதான். கனகாம்பிகை அம்மன் கோயில் பக்கம் வண்டிகள் வரிசையாக நிற்கும். கச்சான் வறுக்கிற வாசம், ஐஸ்கிறீம் வண்டியின் பாட்டு, நனைந்த சேலைகள். கதவுகளுக்குக் கீழே தண்ணீர் கற்களில் மோதி நுரைக்கும் இடத்தைக் கொஞ்சநேரம் உற்றுப் பார்த்தால், நுரைக்குள்ளிருந்து வெள்ளித் தகடுபோல ஏதோ ஒன்று எழும்பி விழும். பிறகு இன்னொன்று. மீன்கள் நீரோட்டத்தை எதிர்த்து மேலே ஏறப் பார்க்கின்றன. புதுத்தண்ணீரின் குளிர்ச்சியும் கலங்கலும் பல நன்னீர் மீன்களுக்கு முட்டையிடும் காலம் வந்துவிட்டது என்ற அறிவிப்பு. மேலே வெள்ளம் பரவிய புல்தரையில் முட்டையிட்டால் குஞ்சுக்குத் தீனியும் மறைவும் கிடைக்கும். நூறு வருடத்துக்கு மேலாக அந்தப் பாதையை ஒரு சுவர் மறித்து நிற்கிறது. மீனுக்கு அது தெரியாது, ஒவ்வொரு மாரியிலும் வந்து முட்டிப் பார்க்கிறது. அந்த இடத்தில்தான் பையன்கள் வீச்சுவலையோடு காத்திருக்கிறார்கள். கொக்குகளும்தான், பையன்களுக்கு இரண்டு பாகம் தள்ளி.

அந்த நாளில் குளத்தின் மேல் பார்வையை ஓட்டினால் தெரிவது ஒரே தண்ணீர்தான். காற்றடிக்கும், அலை கற்கட்டில் மோதும், தூரத்தில் ஒரு கோடாகக் காடு. நடுவில் நாலைந்து நீர்க்காகங்கள் இருக்கலாம். 'இங்கே பறவைகள் நிறைய வருமாமே, ஒன்றையும் காணவில்லையே' என்று யாராவது சொல்லாமல் இருக்கமாட்டார்கள். நிரம்பிய குளம் பெரும்பாலான நீர்ப்பறவைகளுக்குப் பயன்படாத குளம். நாரைக்குக் கால் எவ்வளவு நீளமோ அவ்வளவு ஆழம்தான் அதன் உலகம். ஆழத் தண்ணீரில் முக்குளித்து மீன் பிடிக்கத் தெரிந்தவை சிலவே. மற்றவைக்கு முழங்காலளவு தண்ணீர் வேண்டும், சேறு வேண்டும், விளிம்பு வேண்டும்.

அந்த விளிம்புக்கு வன்னியில் ஒரு நல்ல சொல் இருக்கிறது: அலைகரை. குளக்கட்டுக்கு எதிர்ப்பக்கம், தரை மெல்ல மெல்லச் சரிந்து தண்ணீருக்குள் இறங்கும் பகுதி அது. குளக்கட்டு செங்குத்தானது, தண்ணீர் ஒரு அடி இறங்கினால் அங்கே ஒரு கல் வரிசை கூடுதலாகத் தெரியும், அவ்வளவுதான். அலைகரையில் அதே ஒரு அடி இறங்கினால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஈரச் சேறு வெளியே வந்துவிடும். மூன்று நான்கு நாளில் அதில் புல் முளைக்கும். தண்ணீர் இன்னும் இறங்கும், இன்னும் ஒரு பட்டை வெளியே வரும். சித்திரையில் சிறுபோகத்துக்குத் துருசு என்கிற மதகைத் திறந்த நாளிலிருந்து புரட்டாதி வரைக்கும் இந்த நகர்வு ஓயாது. தண்ணீர் முன்னே போக, சேறு பின்னால், புல் அதற்கும் பின்னால், புல்லைத் தேடி வருகிறவை அதற்கும் பின்னால்.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அலைகரையில் எருமை மேய்க்கும் ஒரு பெரியவர். சில வருடங்களுக்கு முன் ஆடி மாதத்தில் ஒரு நாள், குளக்கட்டில் கமராவோடு நின்றுகொண்டிருந்தேன். 'ஐயா, தண்ணீர் இப்படி வற்றிப் போய்விட்டதே' என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

'தம்பி எங்கிருந்து?'

'யாழ்ப்பாணம், ஐயா.'

'அதுதான்' என்றார். 'தண்ணீர் பார்க்க வந்தால் மார்கழியில் வர வேண்டும். உயிர் பார்க்க வந்திருந்தால் என் பின்னால் வாரும்.'

காட்டோரமாகச் சுற்றிக்கொண்டு அரை மணித்தியாலம் நடந்தோம். கால் வைத்த இடமெல்லாம் வெடித்த சேறு. அதில் வட்டம் வட்டமாக, சோற்றுக் கோப்பையைக் கவிழ்த்து அழுத்தியதுபோலப் பள்ளங்கள். ஒன்றா இரண்டா, பத்துப் பன்னிரண்டு ஒரே இடத்தில். யானையின் காலடியோ என்று நினைத்தேன். அவர் சிரித்துவிட்டு, 'யப்பான் மீனின் வீடு' என்றார். திலாப்பியாவைத்தான் அங்கே அப்படிச் சொல்கிறார்கள். ஆண் மீன் ஆழமில்லாத மணற்பாங்கான அடித்தளத்தை வாயாலும் வாலாலும் கிண்டிப் பள்ளம் செய்து பெண்ணை அழைக்கும். பெண் அதில் முட்டையிட்டு, அந்த முட்டைகளை வாய்க்குள்ளே எடுத்துவைத்துக் குஞ்சு பொரிக்கும். தண்ணீர் இறங்கியதும் ஆளில்லாத வீடுகள் வெயிலில் காய்கின்றன. இந்த மீன் நம்முடையதன்று. ஆபிரிக்க மீன், 1952இல் இலங்கைக் குளங்களுக்குக் கொண்டுவரப்பட்டது. இரணைமடுவின் அயல் ஊர்களில் தோணியும் வலையும் வைத்துப் பிழைக்கிற குடும்பங்களுக்கு இன்று அதுதான் சோறு. பூர்வீக மீன்களுக்கு அதன் வரவு நன்மையா என்று கேட்டால் நான் விராலின் பக்கம்தான் நிற்பேன், ஆனால் சந்தையில் யாரும் என் கருத்தைக் கேட்பதில்லை.

இன்னும் கொஞ்சம் போனதும் தலைக்கு மேலே கூச்சல். ஆட்காட்டி. ஒரு சோடி எங்களைச் சுற்றிச் சுற்றிப் பறந்து திட்டித் தீர்த்தது. பெரியவர் நின்றுவிட்டார், என்னையும் கையால் மறித்தார். நான் அடுத்த அடி வைக்க இருந்த இடத்திலிருந்து ஒரு முழம் தள்ளி, வெறும் கூழாங்கற்களுக்கு நடுவே நாலு முட்டை. கற்களின் அதே மண்நிறம், அதே கரும்புள்ளி, கூரான முனைகள் உள்நோக்கி. கூடு என்று சொல்ல ஒரு துரும்பும் இல்லை. ஒரு தடவை கண்ணை எடுத்துவிட்டு மறுபடி தேடினேன், எனக்குத் தெரியவில்லை. மோட்டார் சைக்கிளில் அலைகரையில் வட்டமடிக்கிற இளைஞர்களை நினைத்துக்கொண்டேன்.

தண்ணீர் விளிம்பில்தான் உண்மையான சனக்கூட்டம். மஞ்சள் அலகு நாரைகள் அலகைப் பாதி திறந்து தண்ணீருக்குள் விட்டபடி மெதுவாக நடந்தன. அவை கண்ணால் மீன் தேடுவதில்லை. திறந்த அலகில் ஏதாவது பட்ட கணமே பொறிபோல மூடிக்கொள்ளும். கலங்கல் தண்ணீரில் அதுதான் செல்லுபடியாகும் வித்தை. கரண்டிவாயன் தலையை இடமும் வலமும் அரிவாள் வீசுவதுபோல வீசிக்கொண்டு போனது. நத்தைகுத்தி நாரையின் அலகு முழுவதாக மூடாது, நடுவில் ஒரு இடைவெளி இருக்கும். நத்தையைப் பிடித்துச் சதையை உருவுவதற்கு அது வாகு. சாம்பல் நாரை ஒன்று மட்டும் தூரத்தில் தனியே, வழக்கில் தோற்றவரைப்போல நின்றது. ஒரே சேற்றில் இத்தனை பேர் சண்டையில்லாமல் உண்ண முடிவதற்குக் காரணம், ஒருவருடைய கால் நீளமும் அலகு வடிவமும் இன்னொருவருடையதுபோல இல்லாததுதான். தண்ணீர் இறங்க இறங்கப் பொறியில் அகப்பட்டதுபோல மீன்கள் குட்டைகளில் ஒதுங்கும். அந்த வாரங்களில் ஒரு குட்டையைச் சுற்றி நூறு பறவை நிற்பது சாதாரணம்.

புல்லுக்கு வருகிறவை மாலையில்தான் வரும். முதலில் பெரியவருடைய எருமைகள், பிறகு மான்கள். இருட்டிய பிறகு யானை. காட்டுக்குள் கோடையில் கிடைக்கும் முற்றிய இலையைவிட, அப்போதுதான் முளைத்த அலைகரைப் புல் யானைக்குச் சத்தும் சுவையும் கூடியது. மின்னேரியாவில் ஆயிரக்கணக்கான சுற்றுலாப் பயணிகள் போய்ப் பார்க்கும் யானைக் கூட்டமும் இதே கணக்கில் நடப்பதுதான். அங்கே சில வருடங்களில் கோடையிலும் குளத்தை நிரப்பி வைத்ததால் புல்தரை மூழ்கி, யானைகள் வராமல் போயின. இரணைமடுவில் கட்டு இரண்டு அடி உயர்ந்தபோது நாமெல்லாம் கூடுதல் தண்ணீரைக் கணக்குப் பார்த்தோம். அந்த இரண்டு அடி அலைகரையில் எவ்வளவு தூரம் காட்டுக்குள் ஏறியிருக்கும், எந்த மரங்களின் அடியை நனைத்திருக்கும் என்பதை அளவிட்டுச் சொன்ன ஒரு செய்தியை நான் பத்திரிகையில் படித்ததில்லை. தண்ணீருக்குள் பட்டுப்போய் நிற்கும் மரங்களில் நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டு இருக்கின்றன. அவற்றின் இறகு முழுவதும் நீர் ஒட்டாத இறகன்று. முக்குளிக்க அது உதவும், பிறகு காயவைத்தே ஆக வேண்டும்.

முதலையைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் என் அம்மா கோபிப்பார். குளத்தில் இருப்பது சதுப்புநில முதலை. வறண்ட வலயக் குளங்கள் முழுக்க அதன் வீடு. காலையில் மணல்திட்டில் வாயைத் திறந்துகொண்டு படுத்திருப்பது கோபத்தால் அன்று, உடல் சூட்டைத் தணிக்க. தண்ணீரில் கிடக்கும்போது தெரிவது இரண்டு சிறு மேடுகள் மட்டுமே: மூக்கும் கண்ணும். அந்த இரண்டுக்கும் இடையிலான தூரத்தைப் பார்த்தே ஊரவர்கள் ஆளின் அளவைச் சொல்லிவிடுகிறார்கள். கோடை உச்சத்தில் கரையில் வளை தோண்டி உள்ளே கிடக்கும். தண்ணீர் இல்லாத சிறு குளங்களிலிருந்து இரவில் நடந்தே வேறு குளத்துக்குப் போகும். ஆகவே வற்றும் காலத்தில் இரணைமடுவில் முதலை குறைவதில்லை, கூடுகிறது. இருக்கிற தண்ணீரும் சுருங்கிவிடுகிறது. பொழுதுபட்ட பிறகு விளிம்பில் குளிக்க இறங்குகிறவர்களைப் பெரியவர்கள் திட்டுவது இதற்காகத்தான். கதவுகளுக்குக் கீழே நீந்துவது இன்னும் மோசம். அங்கே தண்ணீர் மேலே ஓடுவதுபோலத் தெரியும், அடியில் சுழன்று பின்னால் இழுக்கும். நீச்சல் தெரிந்தவனையும் வெளியே விடாது.

ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்குக் கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வருகிற உறவினரை நாம் ஒரு நாள் இரணைமடுவுக்குக் கூட்டிக்கொண்டு போகிறோம். குளக்கட்டில் ஏறி நின்று அவர்கள் சொல்வது ஒன்றுதான்: தண்ணீர் இல்லையே. வருடத்தில் அந்தக் குளம் மிகவும் உயிர்ப்போடு இருக்கிற வாரத்தில் வந்து, ஐந்து நிமிடத்தில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, கிளிநொச்சியில் கொத்துரொட்டி சாப்பிடத் திரும்புகிறார்கள். வழியில் பாலைப்பழம் விற்கிறவர்களைக் கண்டால் வாங்கச் சொல்லுங்கள்; அலைகரைக் காட்டுப் பாலைமரம் அது. கரடிக்கும் அதே பழத்தில்தான் ஆசை.

ஆற்றின் மறுமுனைக்கு வருவோம். இரணைமடுவைத் தாண்டிய கனகராயன் ஆறு வயல்களில் கொடுத்தது போக மிச்சத்தைச் சுண்டிக்குளத்தில் விடுகிறது. அந்தக் கடலேரிக்கு மேற்கே ஆனையிறவில் ஏ9 வீதியும் ரயில்பாதையும் போகும் மேடு. கிழக்கே கடலைப் பிரிக்கும் மணல்திட்டு. மாரி வெள்ளம் முட்டும்போது திட்டு உடைந்து கடலுக்கு வழி திறக்கும், அப்போது இறால் குஞ்சுகள் உள்ளே வரும். பிறகு அலை மணலைக் கொட்டி மூடிவிடும். மாரியில் நன்னீரோடு கலந்த தண்ணீர் கோடையில் ஆவியாகி ஆவியாகிக் கடலைவிட உப்பாகி, ஓரங்களில் வெள்ளைப் படலமாகக் காயும். ஆனையிறவு உப்பளம் பிழைப்பதும் இந்த வெயிலால்தான்.

இந்த உப்புத்தான் பூநாரைகளைக் கூட்டி வருகிறது. தலையைக் கவிழ்த்து, அலகின் மேற்பாதியைக் கீழே வைத்து, சேற்றுத் தண்ணீரை உறிஞ்சி, நாவால் பிழிந்து வெளியேற்றும். உள்ளே தங்குவது பாசியும் மிகச் சிறிய கூனிவகை உயிர்களும். அவற்றின் நிறமிதான் இறகில் ரோசா நிறமாக ஏறுகிறது. கூண்டில் வேறு தீனி கொடுத்தால் வெளுத்துவிடும். நம் பக்கம் வரும் கூட்டங்கள் இங்கே கூடு கட்டுவதில்லை. துணைக்கண்டத்தில் அவை பெருங்கூட்டமாகக் குஞ்சு பொரிக்கும் இடம் குஜராத்தின் கச்சு உவர்நிலம். ஐப்பசிக்குப் பிறகு ஊசிவால் வாத்துகளும் வேறு பல தாராக்களும் ஆசியாவின் வட கோடியிலிருந்து வந்து சேரும். மத்திய ஆசியப் பறப்புப் பாதையின் தென் முனை இலங்கை. அதற்கு நேர் தெற்கே அந்தாட்டிக்கா வரைக்கும் இறங்கப் பெருநிலம் இல்லை. அவ்வளவு தூரம் பறந்து வந்த பறவை முதலில் காணும் இலங்கைக் கரை நம்முடையது என்பதில் எனக்குக் கொஞ்சம் ஊர்ப் பெருமை உண்டு, மறைக்கமாட்டேன்.

சுண்டிக்குளத்தை 1938இலேயே பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். போர்க்காலத்தில் அங்கே போய்வர யாராலும் முடியவில்லை. 2015இல் தேசியப் பூங்காவாகத் தரம் உயர்ந்தது. எல்லைக்குள் மீனவரின் தொழிலிடங்களும் அடங்கிவிட்டதால் வனசீவராசிகள் திணைக்களத்துக்கும் அவர்களுக்கும் உரசல் ஓய்ந்தபாடில்லை. பறவை பார்க்கப் போகிற நாம் அந்த உரசலின் நடுவில்தான் நடக்கிறோம் என்பதை மறக்காமல் இருந்தால் நல்லது. வழிகாட்ட உள்ளூர் மீனவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு, அவருக்கு உரிய கூலியைக் கொடுப்பதில் ஆரம்பிக்கலாம். தை, மாசி மாதங்கள் தோதான காலம். யாழ்ப்பாணத்திலிருந்து மருதங்கேணி, தாளையடி, வெற்றிலைக்கேணி வழியே கடலோரமாகப் போகலாம். பனை, மணல், கண்டல், வலப்பக்கம் மின்னுகிற கடலேரி. வழியை விட்டு இறங்கிக் காட்டுக்குள் நடக்க வேண்டாம். கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை எங்கே தெரிந்தாலும் வந்த வழியே திரும்பிவிட வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு பழைய கனவைச் சொல்லியாக வேண்டும். நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஆறுமுகம் 1950களில் முன்வைத்த 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' திட்டம் இதே கனகராயன் ஆற்றுத் தண்ணீரை நம்பியது. சுண்டிக்குளத்தில் கட்டுப் போட்டு மழைநீரைக் கடலுக்கு விடாமல் தடுப்பது. ஆனையிறவுக் கடலேரியைக் காலப்போக்கில் நன்னீராக்குவது. முள்ளியான் வாய்க்கால் வழியே அதை வடமராட்சிக் கடலேரிக்குக் கொண்டுபோவது. தொண்டைமானாற்றிலும் அரியாலைப் பக்கமும் கதவணை போட்டு உப்புநீரை வெளியே நிறுத்துவது. குடாநாட்டுக் கிணறுகள் இனிக்கும் என்பது எதிர்பார்ப்பு. பகுதி பகுதியாக வேலை நடந்தது. சுண்டிக்குளக் கட்டு வெள்ளத்தில் உடைந்தது, முள்ளியான் வாய்க்கால் முற்றுப்பெறவில்லை, தொண்டைமானாற்றின் மரப்பலகைக் கதவுகள் உக்கின. தொண்டைமானாற்றில் பின்னாளில் புதிய கதவணை வந்தது. மாலையில் செல்வச்சந்நிதிக்குப் போகிறவர்கள் அங்கே நின்று பார்த்தால், ஒரு பக்கம் கடற்காகங்களும் மறுபக்கம் கொக்குகளும் ஆளுக்கொரு தண்ணீரைப் பங்குபோட்டிருப்பதைக் காணலாம்.

திட்டம் முழுமையாக நிறைவேறியிருந்தால் ஆனையிறவில் பூநாரை இருந்திருக்காது. உப்பு இல்லாத தண்ணீரில் அதன் தீனி வளராது. தாழைக்கோழியும் நன்னீர் வாத்துகளும் வந்திருக்கும், இறால் போயிருக்கும், உப்பளமும் போயிருக்கும். நைத்திரேற்று ஏறிய கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கிற ஒருவரிடம் போய்ப் பூநாரைக்காக அதை விட்டுவிடும்படி சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் மழைநீர் 'வீணாகக் கடலுக்குப் போகிறது' என்று மேடைகளில் சொல்லும்போதெல்லாம், வீண் என்ற அந்தச் சொல்லுக்குள் இத்தனை இறாலும் பறவையும் அடங்கியிருக்கின்றன என்பதையும் யாராவது சொன்னால் தேவலை.

இரணைமடுத் தண்ணீரை நேரே குழாயில் யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரும் யோசனையும் இருந்தது. கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தார்கள். குளத்தின் அடிக்கணக்கைத் தெரிந்த யாருக்கும் அந்த எதிர்ப்பு புரியும். கடைசியில் தாளையடியில் கடல்நீரைச் சுத்திகரிக்கும் நிலையம் எழுந்தது. 2024 ஆகஸ்டில் திறந்தார்கள், நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் கொடுக்கக்கூடியது. சுண்டிக்குளத்துக்குப் பறவை பார்க்கப் போகிற வழியில்தான் அதுவும் இருக்கிறது. மனித வழக்கு ஒன்று அலைகரையைக் காப்பாற்றியது தற்செயல்தான். குடாநாட்டுக்கும் குளத்திலிருந்து தண்ணீர் எடுப்பதென்றால் கோடையிலும் ஓரளவு நிறைத்து வைத்திருக்க வேண்டி வந்திருக்கும், புல்தரை மூழ்கியிருக்கும்.

போகிறவர்களுக்கு ஓரிரு வார்த்தை. இரணைமடுச் சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கி முச்சக்கரவண்டி பிடிக்கலாம். சோற்றுப் பொதியின் பொலித்தீனை அங்கேயே போடாதீர்கள். காற்று அதை நேரே அலைகரைக்குத்தான் கொண்டுபோகிறது, மாடும் மானும் உப்புச் சுவைக்கு அதைத் தின்கின்றன. குரங்குக்கு றோல்ஸ் கொடுத்துப் பழக்க வேண்டாம். தொலைநோக்கி இருந்தால் கொண்டுபோங்கள், ஒலிபெருக்கி இருந்தால் வீட்டில் விடுங்கள். ஆடி ஆவணியில் ஒரு தடவை, தை மாசியில் ஒரு தடவை. மார்கழியில் வான் பார்க்கப் போவதை நான் நிறுத்தச் சொல்லவில்லை, என் அண்ணர் கேட்கவும் மாட்டார்.

போன ஆடியில் பெரியவரைத் தேடிப் போனேன். எருமைகள் நின்றன, அவர் மரநிழலில் இருந்தார். தண்ணீர் முந்தைய தடவையைவிட இன்னும் தள்ளி நின்றது. 'ஆட்காட்டி இந்தமுறை எங்கே முட்டையிட்டிருக்கிறது, ஐயா?' என்று கேட்டேன். அவர் எழும்பவில்லை. கையிலிருந்த கம்பை நீட்டி நிலத்தைக் காட்டினார். நான் நின்ற இடத்துக்கு இடப்பக்கம், இரண்டு அடி தூரத்தில்.